துறைமுகத் தொழிலாளரும் விருப்ப ஓய்வும்

திருகோணமலை என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது கோணேசப் பெருமான் கோயில் கொண்டருளிய மலை. அடுத்துத் தோன்றுவது அம்மலைக்கு அணித்தாய், குன்றுகள் சூழ, காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்கத்தக்கதாய் அமைந்த துறைமுகம். இத்துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டன பல. அவற்றுட் பெரும்பாலன போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்போர் எப்போது வந்தனர், எப்போது போயினர் என்பதையே கூறுவன. கப்பலின் வடத்தைப் பிடித்துக் கட்டியவனும், முதுகில் மூட்டை சுமந்த நாட்டாமியும், பட்டடையிலே இரும்பு காய்ச்சியவனும், இவர்தம் கூலிக்குக் கணக்கெழுதிய எழுதுவினைஞனும் வேலை நின்ற நாளிலே என் செய்தனர் என்பதை எழுதினார் மிகச் சிலரே.

இவ்வினா பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. ஐம்பது வயதைக் கடந்து, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் ஓரிடத்திலே உழைத்த ஒருவர் முன்னே ஒரு நாள் ஒரு கடிதம் வைக்கப்படுகின்றது. இன்ன திகதிக்குள் கையொப்பமிட்டு விலகுவோர்க்கு இன்ன தொகை வழங்கப்படும் என்பது அதன் சாரம். இதனை விருப்ப ஓய்வு என்றும் சுயவிருப்ப ஓய்வு என்றும் வழங்குவர். ஏற்பதா, மறுப்பதா என்பதை மூன்று நான்கு வாரங்களுள் தீர்மானித்தல் வேண்டும். முப்பது வயதினன் தவறாகத் தீர்மானிப்பின் திருத்திக்கொள்ளக் காலம் உண்டு. ஐம்பத்து நான்கு வயதினர்க்கு அக்காலம் இல்லை. ஆதலின் இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்தல் தகும்.

முதலில் இவ்வூரின் பழைய அனுபவத்தை நோக்குவோம். 1942 பெப்ரவரியிலே சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஆங்கிலேயரின் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலை இன்றியமையாத தளமாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதன்மேற் குண்டு பொழிந்தமை பலரும் அறிந்தது. போர்க்காலத்திலே ஊரார் 'டொக்யாட்' என வழங்கிய கடற்படைப் பட்டடையும், சீனக்குடா விமானத்தளமும், எண்ணெய்த் தாங்கிகளும் எண்ணிறந்தோர்க்கு வேலை கொடுத்தன. யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும், மலையாளத்தினின்று வந்தோரும், கிண்ணியா, மூதூர் ஊர்களின் முஸ்லிம்களும், தென்னிலங்கைச் சிங்களவரும் ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே சங்கொலிக்கு வீடு திரும்பினர். போர் முடிந்தது, இலங்கை சுதந்திரம் பெற்றது, தளம் மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. பின்னர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்களின் அரசாங்கம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளமும், நவம்பர் 1ஆம் நாள் கட்டுநாயக்கா விமானத்தளமும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

நாட்டின் தன்மானத்திற்கு அது நன்னாள் என்பதில் ஐயமில்லை. ஆயின் கொடி இறங்கியபோது கூலியும் இறங்கிற்று. பட்டடையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல வருவாய் இழந்தன. அவ்வாறு வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரின் குடும்பங்கள் ஏறத்தாழ 400ஐப் பதவியாக் குடியேற்றத் திட்டத்திலே குடியமர்த்த அரசாங்கம் எண்ணிற்று. அங்கு வேலை செய்த சிங்களத் தொழிலாளர் அதனை எதிர்த்து நிலத்தைத் தாமே பற்றிக்கொண்டனர், எண்ணம் நிறைவேறவில்லை. 1958 மே மாதத்துக் கலவரத்தின் தோற்றத்தை ஆராய்ந்தோர் பதவியாவின் பெயரையும் குறிப்பிடுவர். வேலையிழந்த ஒருவனுக்கு மாற்று வழி காண்பது பொருளாதாரக் கணக்கு மட்டுமன்று, அவன் எந்த நிலத்தில் எவரோடு வாழ்வான் என்பதும் அதனுள் அடங்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

அன்று விலகியோர்க்கு விருப்பம் என்பது இல்லை. தளம் போயிற்று, வேலையும் போயிற்று. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமே அடுத்த ஆண்டிலே, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமாகத்தான் பிறந்தது. இன்றைய தொழிலாளியின் நிலை வேறு. அவர்முன் வைக்கப்படும் கடிதம் அவர் கையொப்பத்தை வேண்டி நிற்கின்றது. ஏன் வேண்டுகின்றது? இதனை விளங்கிக்கொண்டவர்க்கே மற்றைக் கணக்குகள் யாவும் விளங்கும்.

இலங்கையிலே 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துதல் பற்றிய விசேட ஏற்பாடுகளைக் கூறுவது. ஒழுக்கக் குற்றத்திற்கான தண்டனையாக அன்றி வேறு காரணத்துக்காக ஒரு தொழிலாளியை நிறுத்தல் வேண்டுமாயின், ஒன்றில் அத்தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் முன்னரே பெறப்படல் வேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதி பெறப்படல் வேண்டும். இவ்விரண்டும் இன்றி நிறுத்துதல் செல்லாது. ஆணையாளரிடம் செல்வதாயின் விசாரணை உண்டு, காலம் செல்லும், நிறுவனத்தின் கணக்குகளையும் காட்டல் வேண்டும். தொழிலாளி தானே கையொப்பமிட்டால் இவை ஒன்றும் இல்லை. ஆகவே நிறுவனம் விலைகொடுத்து வாங்குவது அச்சம்மதத்தையே. கடிதத்திற் காணப்படும் தொகையை அன்பளிப்பு என்றோ, நெடுநாள் உழைத்தமைக்குப் பரிசு என்றோ கருதுவோர் பேரம் தொடங்குமுன்னரே தோற்றவராவர்.

ஈண்டு ஒரு விலக்கையும் கூறல் வேண்டும். அச்சட்டம் 15 பேருக்குக் குறைந்த தொழிலாளரை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. அரசாங்கத்திற்கும், உள்ளூராட்சி மன்றங்களுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், அரச கூட்டுத்தாபனங்களுக்கும் பொருந்தாது. துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 1958இலே சரக்கேற்றியிறக்கும் தொழில் நாட்டுடைமையாகித் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பின்னர் 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தாலே துறைமுகங்கள் அதிகார சபை அமைந்தது. இத்தகைய அரச அமைப்புகளின் ஊழியர்க்குப் பாதுகாப்பு அவர்தம் நியமனக் கடிதம், தாபன விதிகள், தொழிற்சங்கம் என்பனவற்றிலே தங்கியுள்ளது. சீனக்குடாப் பக்கத்து மாவாலை, சீமெந்து ஆலை போன்ற தனியார் நிறுவனங்களில் உழைப்போரின் நிலை வேறு. ஒரே துறைமுகத்தின் இரு கரைகளில் வேலை செய்யும் இருவர் ஒரே சட்டத்தின் கீழ் நிற்பவர் அல்லர். பக்கத்து வீட்டார் பெற்ற தொகையைக் கொண்டு தம் தொகையை அளப்பது இதனாலேயே பிழையாகும்.

இனித் தொகையைப் பிரித்தறிதல். கடிதத்தின் அடியிலே ஒரு பெருந்தொகை கூட்டிக் காட்டப்படுவது வழக்கம். அதனுள் மூன்று வேறு பணங்கள் கலந்திருத்தல் கூடும். முதலாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாத நிறுவனத்திலே ஐந்தாண்டு நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியர் எவரும், எக்காரணத்தால் விலகினும், ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் பெறுவர். இரண்டாவது சேமலாப நிதி. தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8உம் தொழில் கொள்வோர் இடும் நூற்றுக்கு 12உமாகச் சேர்ந்தது. அதனோடு 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் நூற்றுக்கு 3ஐயும் சேர்த்துக்கொள்க. இவை இரண்டும் தொழிலாளியின் சொந்தப் பணம். கையொப்பமிடாது அறுபது வயதுவரை இருந்து விலகினும் வருவன. மூன்றாவதாகிய இழப்பீடு ஒன்றே சம்மதத்தின் விலை. முதலிரண்டையும் கழித்து எஞ்சுவது எவ்வளவு எனப் பார்த்தல் வேண்டும். சில கடிதங்களில் அது மிகச் சிறிதாயிருப்பதைக் கண்டு வியப்புறுவோர் உளர்.

அம்மூன்றாவது தொகை எதற்கு ஈடாகக் கொடுக்கப்படுகின்றது? கடந்துபோன உழைப்புக்கா, இனி இழக்கப்போகும் ஆண்டுகளுக்கா? இவ்வினாவுக்கு நாடுகள் வேறு வேறு விடை கூறின.

பிரித்தானியாவிலே 1965இல் இயற்றப்பட்ட சட்டம் வயதை நோக்கிற்று. 41 வயதின்மேற் செய்த சேவைக்கு ஆண்டொன்றுக்கு ஒன்றரை வாரச் சம்பளம். அதற்கு முந்திய 22 முதலான வயதுச் சேவைக்கு ஒரு வாரச் சம்பளம். கணக்கிற் கொள்ளப்படுவது 20 ஆண்டுகள் வரையே. முதியோர்க்கு மறுவேலை அரிது என்னும் உண்மையை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. எனினும் தொகை சிறிது. அங்கு வேலையற்றோர்க்கு அரசாங்க உதவி உண்டு. முதுமையில் ஓய்வூதியம் உண்டு. அவற்றின் மேல் வைத்த சிறு தொகையே இது. அந்நாட்டுத் துறைமுகங்களில் 1989இலே பதிவுத் தொழிலாளர் திட்டம் நீக்கப்பட்டபோது, விலகுவோர்க்கு உச்சமாக 35,000 பவுண் அறிவிக்கப்பட்டது; சில ஆண்டுகளுள் பெரும்பாலோர் விலகினர். சட்டம் குறித்த அளவைவிட மிகுதியாகக் கொடுக்கவேண்டி வந்தமை, சம்மதத்தின் விலை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை என்பதற்குச் சான்று.

இந்தியாவிலே குசராத்து முறை எனப்படும் ஒரு கணக்கு உண்டு. நிறைவுற்ற சேவைக்கு ஆண்டொன்றுக்கு 35 நாட் சம்பளம். ஓய்வு பெறும் வயதுக்கு எஞ்சியுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாட் சம்பளம். கடந்ததும் வருவதும் இரண்டும் இங்கே எண்ணப்படுகின்றன. 2019இலே பாரத் சஞ்சார் நிகாம் என்னும் அரசாங்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் 50 வயது நிறைந்தோர்க்கு இம்முறையிலே விருப்ப ஓய்வு அறிவித்தது. நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை ஒரு மாத காலமே அவகாசம். 78,000க்கு மேற்பட்டோர் விருப்பந் தெரிவித்து 2020 சனவரி 31ஆம் நாள் ஒரே நாளில் வெளியேறினர். தமிழ்நாட்டுத் தொலைபேசி நிலையங்களும் அன்று ஆளொழிந்தன. அவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இலங்கைத் தனியார் துறையில் சேமலாப நிதியை மொத்தமாகப் பெறுவோர்க்கு அத்தகைய மாத வருவாய் இல்லை. வேலையிழந்தோர்க்குப் பொதுவான காப்புறுதித் திட்டமும் இந்நாட்டில் ஏற்படவில்லை.

இலங்கையிலே ஆணையாளர் இழப்பீடு விதிக்கும்போது பின்பற்றும் அளவு 2005இல் வர்த்தமானியில் வெளியாயிற்று. முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை. 20 முதல் 24 வரை ஒன்று. 25 முதல் 34 வரை அரை மாதம். மொத்தம் 48 மாதச் சம்பளத்துக்கு மேற்படாது. ரூபாவில் 12½ இலட்சமாயிருந்த மேலெல்லை 2021இலே 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இவ்வளவிலே ஒரு விந்தை உண்டு. சேவை நீள நீள ஆண்டொன்றின் விலை குறைகின்றது! பிரித்தானியச் சட்டம் முதுமைக்குக் கூட்டியது; நம் அளவு நெடுஞ்சேவைக்குக் குறைக்கின்றது. குறுகிய காலம் உழைத்தோர் கையில் ஒன்றும் இன்றிப் போகாதிருத்தற்காக இவ்வாறு அமைந்தது போலும். எனினும் ஐம்பது வயதினர்க்கு இது சாதகமன்று. விருப்ப ஓய்வுக் கடிதம் இவ்வளவுக்குக் கட்டுப்பட்டதன்று. கூடவும் கொடுக்கலாம், குறையவும் கொடுக்கலாம். ஆயினும் ஒப்புநோக்க இதுவே நல்ல அளவுகோல்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்குவோம். தனியார் நிறுவனமொன்றிலே 24 ஆண்டு உழைத்த 54 வயதினர் ஒருவர்; மாதச் சம்பளம் 80,000 ரூபா. மேற்கூறிய அளவின்படி அவர்க்கு 43 மாதச் சம்பளம், அஃதாவது 34,40,000 ரூபா வருதல் வேண்டும். மேலெல்லையால் அது 25 இலட்சத்தில் நின்றுவிடும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறைக்கு ஓய்வு வயதை 60 ஆக்கியமையால் அவர்க்கு இன்னும் ஆறு ஆண்டுகள் உள. சம்பள உயர்வு எதனையும் எண்ணாது 72 மாதச் சம்பளம் மட்டும் 57,60,000 ரூபா. தொழில் கொள்வோர் இடவேண்டிய நூற்றுக்கு 15 வீதம் 8,64,000. அவ்வாறு ஆண்டுகட்குரிய பணிக்கொடை 2,40,000. ஆக 68,64,000 ரூபாவை விட்டு 25 இலட்சத்தை ஏற்கின்றார். மூன்றிலொரு பங்கிற்குச் சிறிது மேல், அவ்வளவே. குசராத்து முறைப்படியாயின் 33 மாதச் சம்பளம், 26,40,000 ரூபா வந்திருக்கும். பிரித்தானியச் சட்டத்தின் அளவோ ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளத்தோடு நிற்கும்.

"சம்பளம் உழைத்தால்தானே வரும், இது உழையாமல் வருவது" என்பர் சிலர். உண்மையே. ஆறாண்டின் உழைப்பை வேறிடத்தில் விற்க முடியுமாயின் இருபத்தைந்து இலட்சமும் இலாபம். விற்க முடியாதாயின் அப்பணமே சம்பளமாகின்றது. அதனை நூற்றுக்கு 8 வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் மாதத்துக்கு 16,667 ரூபா கிடைக்கும். வீட்டுச் செலவுக்கு மாதம் 50,000 வேண்டும் என முதலிலிருந்தும் எடுப்பின் ஏறத்தாழ ஐந்தாண்டில் வைப்பு முழுவதும் தீரும். அப்போது அவர்க்கு வயது 59. இன்னொன்று: ஆடவர் சேமலாப நிதியைப் பெறுதற்குப் பொதுவாக 55 வயது நிறைதல் வேண்டும், பெண்டிர்க்கு 50 போதும். நம் கணக்கிலே கண்ட 54 வயதினர் முதலாண்டிலே அதனையும் தொட இயலாது.

வட்டியும் ஒரு நிலையில் நிற்பதன்று. 2022 செப்தெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலையேற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. முந்திய ஆண்டிலே விலகிக் கையில் பணம் வைத்திருந்தோரின் அரிசியும் மாவும் எண்ணெயும் என்ன விலைக்கு ஏறின என்பதை இல்லத்தரசிகள் அறிவர். அறுபது வயது கடந்தோர்க்கு நூற்றுக்கு 15 வட்டி தரும் ஒரு விசேட வைப்புத் திட்டம் இருந்தது. அதுவும் அவ்வாண்டிலே நிறுத்தப்பட்டது. சம்பளம் விலைவாசியைத் தளர்ந்த நடையிலாயினும் பின்தொடரும். இட்ட முதலுக்குக் காலில்லை.

எஞ்சிய ஆண்டுகள் எத்தனை என்பதும் நாம் எண்ணும் அளவுக்கு உறுதியானதன்று. அரசாங்க ஊழியர்க்கு 2022இன் தொடக்கத்திலே ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 31இலேயே மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. இன்னும் ஐந்தாண்டு உண்டு எனக் கடன்பட்டு வீடு தொடங்கியோர் ஒரே நாளில் ஓய்வு பெற்றனர். அதே ஆண்டு சூனிலே வெளிவந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர் சேவையை இழவாது ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையிற் சென்று வேறு தொழில் புரிய இடமளித்தது. விலகுதற்கும் இருத்தற்கும் நடுவே இத்தகைய வழியொன்று திறந்துள்ளதா என விசாரிப்பது நன்று. இத்துறையில் நமக்கு முன்னோடியும் உண்டு. 1990ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் கீழ் அரச ஊழியர் பலர் ஓய்வூதியத்தோடு முன்கூட்டி விலகினர். இன்றும் தம்மை "நாற்பத்துநாலின் கீழ் வந்தவர்" எனச் சொல்லிக்கொள்ளும் முதியோரை நாடெங்கும் காணலாம்.

இனி ஊரை நோக்குவோம். கொழும்பிலே ஒரு வாயில் மூடினால் மற்றொரு வாயிலைத் தட்டலாம். திருகோணமலையின் கதவுகள் எண்ணத்தக்கவை: துறைமுகம், மாவாலை, சீமெந்து ஆலை, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், வடக்கே புல்மோட்டைக் கனிய மணல், அரச அலுவலகங்கள், கடற்றொழில், நிலாவெளி உப்புவெளி விடுதிகள். எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 சனவரியிலே புதிய உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. பெருந்திட்டம் வருகின்றது என்னும் செய்தி கேட்டவுடன் ஊரார் மகிழ்வர். ஆயின் வருகின்ற வேலை ஐம்பத்தைந்து வயதினர்க்கு வருமா? பாரந்தூக்கி இயக்குவோர், ஒட்டுவேலை செய்வோர், மின்னிணைப்பாளர் ஆகியோரின் கைத்திறனுக்கு எங்கும் மதிப்புண்டு. அவர்க்கு விலகல் அச்சந்தருவதன்று. பண்டகசாலைக் காப்பாளர், எழுதுவினைஞர், காவலாளர் என்போரின் நிலை வேறு. ஓர் எழுதுவினைஞரின் அறிவிலே பெரும்பகுதி அந்நிறுவனத்தின் கோப்புகளையும் மனிதரையும் பற்றிய அறிவு. வாயிலைக் கடந்தவுடன் அதற்கு விலையில்லை. கடற்கரை விடுதிகளிலே வேலை கிடைக்கும் என்பர். சித்திரை பிறந்து கச்சான் காற்றுக் காலம் முடியும்வரை கிடைக்கும். வாடைக் காற்று எழுந்து மாரி தொடங்கினால் அறைகள் வெறிச்சோடும்.

முச்சக்கர வண்டி வாங்குதல், கடை வைத்தல், வள்ளம் வாங்கி வாடகைக்கு விடுதல் என்பன விலகியோர் பலரும் எண்ணும் தொழில்கள். இவற்றிலே குற்றமில்லை. ஒரே நிறுவனத்திலிருந்து ஒரே மாதத்திலே நூறு பேர் விலகி, அவருள் முப்பதின்மர் ஒரே சந்தியில் முச்சக்கர வண்டி நிறுத்தினால் எவர்க்குப் பயணி கிடைப்பர் என்பதே வினா. முன்பே மனைவியோ மகனோ நடத்திவரும் கடையை விரிப்பது வேறு. சில்லறை வணிகம் அறியாதவர் புதிதாகத் தொடங்குவது வேறு.

பணம் கைக்கு வந்தபின் அது எங்கே போகின்றது என்பதையும் மறைக்காது பேசுதல் வேண்டும். கீழ்மாகாணத் தமிழரிடையே பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணம் முடித்தல் மரபு. தந்தை ஐம்பத்தைந்தை எய்தும் காலத்திலேதான் மகளுக்கு மணப்பேச்சு எழுகின்றது. இருபத்தைந்து இலட்சம் வீட்டிலே இருக்கின்றது என்பது உறவினர்க்கெல்லாம் தெரிந்த செய்தி. அத்தொகை சுவராகவும் கூரையாகவும் மாறி மகள் பெயரில் உறுதி எழுதப்படுகின்றது. மற்றொரு வீட்டிலே அது மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் கைக்குப் போகின்றது. இவை பிழையான செலவுகள் என யாம் கூறோம். பிள்ளைகளுக்கன்றி எவர்க்கு உழைத்தார்? ஆயின் மகள் வீடு கட்டுதற்காகவே வேலையை விடுகின்றேன் என்பதை அவர் தம் மனைவியிடமும் மகளிடமும் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். சம்பளம் நின்ற ஆறு ஆண்டும் தாம் எவர் அடுப்பில் உண்பது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுதல் நன்று. பேசாத வீடுகளிலே அப்பேச்சு பின்னர்க் கண்ணீரோடு வருகின்றது.

நம் சமய நூல்கள் இல்லறத்தின்பின் வானப்பிரத்தத்தைக் கூறுகின்றன. ஐம்பது வயதாயிற்று, ஒதுங்குவதே முறை எனச் சில பெரியோர் இதனை எடுத்துக்காட்டுவர். மனுநூல் கூறும் இலக்கணத்தைச் சற்றே நோக்குக. தோல் திரைதலும் தலை நரைத்தலும் மட்டும் போதா. மகனுக்கு மகன் பிறந்தமையையும் அது சேர்த்துச் சொல்லுகின்றது. குடும்பச் சுமையை ஏற்க அடுத்தவர் நிமிர்ந்து நின்றபின்னரே ஒதுங்குதல் என்பது கருத்து. கடைசி மகன் உயர்தர வகுப்பிலே படித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அவ்விலக்கணம் இன்னும் பொருந்தவில்லை. திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு வினையிலே செலவாவது யாது, கிடைப்பது யாது, கிடைத்ததன்வழிப் பின்னர் விளைவது யாது என மூன்றையும் எண்ணச் சொல்லும். விருப்ப ஓய்வை எண்ணுவோர் நடுவிலுள்ள ஒன்றை மட்டும் எண்ணுகின்றனர். கடிதத்திலே தடித்த எழுத்தில் அச்சிடப்படுவதும் அது ஒன்றே.

இங்ஙனம் கூறியதால் மறுத்தலே அறிவுடைமை என்பது எம் கருத்தன்று. இம்மாவட்டத்திலேயே கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையை நினைக்க. 1993இலே அது மூடப்பட்டது. நிறுவனமே சாகுந் தறுவாயில் இருக்குமாயின் கையொப்பமிடாதிருத்தல் பாதுகாப்பன்று. இன்று இருபத்தைந்து இலட்சம் தர வல்லவர் நாளை நிலுவைச் சம்பளத்தையே தர வல்லுநர் அல்லராதல் கூடும். ஆகவே நிறுவனத்தின் உடல்நலத்தை முதலில் அறிதல் வேண்டும். சேமலாப நிதிக்குரிய பணம் மாதந்தோறும் தவறாது கட்டப்படுகின்றதா? பழுதான பொறிகளுக்கு உறுப்பு வாங்குகின்றனரா? கப்பல் வரவு குறைந்ததா, அன்றி அதே சரக்கை முன்னிலும் குறைந்த ஆட்களால் இறக்குகின்றனரா? முன்னர் மூட்டை மூட்டையாகச் சுமந்து இறக்கிய தானியத்தைக் குழாயினாலும் பொறியினாலும் இறக்கும் காலம் இது. சரக்குக் குறையாது ஆள் மட்டும் குறைக்கப்படுமாயின் நிறுவனம் செழிப்பாகவே உள்ளது, கூடுதலாகக் கேட்கலாம். சரக்கே வாராதிருப்பின் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுதல் தக்கது.

உடல்நலமும் அத்தகையதே. முதுகெலும்பு தேய்ந்தோர், நீரிழிவு முற்றியோர், இரவு முறை வேலையால் உறக்கம் கெட்டோர் இன்னும் ஆறாண்டு உழைக்க வல்லரா என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டல் வேண்டும். தம் வீரத்தைக் கேட்டலாகாது. மருத்துவ விடுமுறையிலே காலம் கழித்து ஈற்றில் வெறுங்கையோடு விலகுவதினும், கொடுக்கும்போது பெற்று விலகுதல் அவர்க்கு நன்று. வயல் உள்ளோர், ஓய்வூதியமுள்ள மனைவியை உடையோர், பிள்ளைகள் நிலைபெற்றோர் ஆகியோர்க்கும் ஏற்றல் பெரும்பாலும் பொருந்தும். கடன் உடையோர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: நிறுவனத்திடம் பெற்ற கடன் முழுவதும் கடைசி நாளிலே கழிக்கப்படும். கைக்கு வருந் தொகையைக் கடன் நீங்கலாக எழுத்தில் தருமாறு கேட்டுப் பெற்ற பின்னரே மற்றைக் கணக்குகளைத் தொடங்குக.

கேட்டல் என்பதிலே நம்மவர்க்குக் கூச்சம் மிகுதி. தொகை எவ்வாறு கணிக்கப்பட்டது, எவ்வடிப்படைச் சம்பளத்தின்மேல், விலகுந் திகதிவரை உள்ள விடுமுறைக்கும் மிகையூதியத்துக்கும் என்ன வழி, மறுப்போர்க்கு இடமாற்றம் உண்டா என்பனவற்றை மேலாளரிடம் வினவுதல் உரிமை. மாவட்டத் தொழில் அலுவலகத்திலே இலவசமாக ஆலோசனை பெறலாம். ஒரே பகுதியினர் பத்துப் பேர் ஒருங்கு சென்று கேட்பின் தொகை கூடுதலும் உண்டு. கையொப்பம் ஒவ்வொன்றாக வாங்கப்படும்போது அது கூடுவதில்லை. முதல் நாளிலே கையொப்பமிடுவோர்க்கு மேலதிகமாக ஏதும் தருவோம் எனின் அதற்கு மயங்கற்க. ஒரு கிழமை செல்லட்டும்.

ஏற்பதெனத் தீர்மானித்தோர்க்கு ஒரு சிறு வேலை எஞ்சியுள்ளது. சேமலாப நிதியைக் கோரும் படிவத்திலும், அடையாள அட்டையிலும், பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாயிருத்தல் வேண்டும். தமிழிலே ஒரே பெயராயிருப்பது ஆங்கில எழுத்திலே மூன்று வகையாக எழுதப்பட்டிருப்பது இப்பகுதியில் இயல்பு. போரின்போதும் 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளின்போதும் பத்திரங்களை இழந்து பிரதி எடுத்தோர்க்கு இத்தொல்லை இரட்டிப்பு. விலகிய பின் இதனைத் திருத்த முற்படின் பணம் மாதக் கணக்கிலே தாமதிக்கும். ஆதலின் கடிதத்திற் கையொப்பமிடுமுன்னரே கிராம உத்தியோகத்தரையும் சமாதான நீதவானையும் கண்டு, இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிப்பன எனச் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து, அதன் பிரதி இரண்டை வீட்டிலே வைத்துக்கொள்க.